சீகிரியாவுக்கு ஒரு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு



"ஐயா, இந்த வருசமாவது புள்ளைங்கள சீகிரியாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். வேனுக்கு எவ்வளவு ஆகும்?" என்று பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் எங்களை மறித்துக் கேட்பவர்கள் அநேகம் பேர். வேன் கூலியைக் கேட்கிறார்களே தவிர, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், யார் யார் ஏறலாம், யார் கீழேயே இருக்க வேண்டும், அங்கே எதைச் செய்யக்கூடாது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் இந்தத் தடவை இந்தப் பக்கத்தை முழுக்க சீகிரியாவுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பட்டணம் பார்க்கப் போவதென்றால் நம் ஆட்கள் கொழும்பைத்தான் நினைப்பார்கள். சீகிரியாவும் பெரிய பட்டணமாக இருந்த இடந்தான், அது 1500 வருசத்துக்கு முந்திய கதை. கி.பி. 477 முதல் 495 வரை 18 வருசம் காசியப்பன் என்ற அரசன் அங்கிருந்து நாட்டை ஆண்டான். அகழி, மதில், நீர்த் தோட்டம், வாசல் என்று எல்லாம் திட்டம் போட்டுக் கட்டிய நகரம் அது. இன்றைக்கு அங்கே ஆள் குடியிருக்கவில்லை. ஆனால் முதல் தடவை பட்டணத்துக்குப் போகிறவனுக்கு வரும் கஷ்டம் எல்லாம் அங்கேயும் வரும். கூட்டம், வழி தவறுதல், கையிலிருக்கும் காசு கரைதல், பாஷை தெரியாமல் முழித்தல், பிள்ளையைக் காணாமல் தேடுதல் எல்லாம் உண்டு.

இன்னொரு விசயம். சீகிரியா எங்கேயோ தூரத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது மாத்தளை மாவட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது. ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கு அது சொந்த மாவட்டம்.

எங்கள் தோட்டத்து முதல் பயணம்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறோம். சில வருசங்களுக்கு முன் நாங்கள் முதல் தடவையாக ஒரு பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனோம். காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாகப் பேச்சு. பூசை போட்டு, தேங்காய் உடைத்து, வராத ஆளுக்காகக் காத்திருந்து, பஸ் கிளம்பும்போது எட்டு மணி. வழியில் மாத்தளை அம்மன் கோவில், சாப்பாடு, தம்புள்ளைக் குகை விகாரை எல்லாம் பார்த்துவிட்டு சீகிரியா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. உச்சி வெயில். பாதிப் படியிலேயே ஒரு பாட்டி தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அவரோடு மகள், மகளோடு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே கீழே இறங்கியது. மேலே போனவர்களுக்குத் தண்ணீர் பத்தவில்லை. ஒரு பையன் இறங்கும் வழி தெரியாமல் வேறு பக்கமாக வெளியே போய்விட்டான். அவனைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்தப் பாட்டி சீகிரியாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருசமாகச் சீட்டுக் கட்டியவர். கடைசியில் மரத்தடியில் உட்கார்ந்து பாறையின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பிழை அவருடையது அல்ல, ஏற்பாடு செய்த எங்களுடையது.

அதற்குப் பிறகு நாங்கள் எழுதி வைத்துக்கொண்டதுதான் கீழே வருவது.

எந்த மாதம், எந்த நாள்

சீகிரியா இருப்பது வரண்ட வலயத்தில். நமது உடம்பு குளிருக்கும் பனிக்கும் பழகியது. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்குகிற நமக்குப் படி ஏறுவது பெரிய வேலை இல்லைதான். ஆனால் அங்கே வேலை கொடுப்பது வெயில், அதிலும் பாறையில் பட்டுத் திரும்பி அடிக்கிற வெயில். "நாங்க பாக்காத மலையா" என்று போனவர்கள்தான் முதலில் மூச்சு வாங்கினார்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அந்தப் பக்கம் மழை. படிகள் வழுக்கும். மே முதல் செப்டெம்பர் வரை கடும் காய்ச்சல். எங்களுக்குச் சரியாகப் பட்டது பெப்ரவரியும் மார்ச் முதல் பாதியும். மலையிலும் அப்போது கொழுந்து குறைந்திருக்கும், அதனால் லீவு கேட்டாலும் தொரைமார் முகம் சுளிக்கமாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து மளமளவென்று வரும்போது இருபது பேர் ஒன்றாக லீவு கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும் அன்றைய பேரை இழப்பது நமக்குத்தான் நட்டம்.

போயா நாளையும் நீண்ட விடுமுறையையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஊரே அங்கே இருக்கும். சித்திரம் இருக்கும் குகைக்கு ஏறும் இரும்புச் சுருள் படியில் ஒரு ஆள் பின் ஒரு ஆளாகத்தான் போக முடியும். அங்கே கூட்டம் நின்றால் வெயிலில் கால் கடுக்க நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விட்டால் வேறு நாள் இல்லை என்பவர்கள், காலையில் வாசல் திறக்கும்போதே அங்கே இருக்கிற மாதிரிப் புறப்பட்டால் சமாளிக்கலாம்.

காசு

தீபாவளி முற்பணத்தை இதற்குத் தொடாதீர்கள். வட்டிக்கும் வாங்காதீர்கள். இது நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது. ஒரு நாள் சந்தோசத்துக்கு ஆறு மாதம் சம்பளத்தில் வெட்டு விழுவதைப் பார்த்திருக்கிறோம். பத்து மாதத்துக்கு முன்பே ஒரு பயணச் சீட்டுத் தொடங்குங்கள். வேன் கூலியை இருக்கைகளால் வகுங்கள், சாப்பாடு, டிக்கட் செலவைச் சேருங்கள், அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டி வையுங்கள். டயர் வெடித்தாலும், ஒருவருக்குச் சுகமில்லாமல் போனாலும் அந்தப் பங்கு கை கொடுக்கும். மிஞ்சினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கணக்கை ஒரு கொப்பியில் எழுதி, எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். பணம் வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். இருவரும் ஒரே வீடாக இருக்கக் கூடாது.

டிக்கட் விசயத்தில் ஒன்று. உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. வெளிநாட்டவருக்கு டொலர் கணக்கில் பல மடங்கு. நீங்கள் உள்நாட்டவர் என்பதைக் காட்ட அடையாள அட்டைதான் சாட்சி. அதை எடுக்காமல் வந்து வாசலில் வாக்குவாதம் செய்தவர்களைக் கண்டிருக்கிறோம். நம்மில் இன்னும் சிலருக்கு அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, தோட்டத்துப் பதிவு தொலைந்தது என்று காரணம் சொல்வார்கள். 1948ல் பறிபோன குடியுரிமைக்காக நம் பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தக் கதை ஒரு வழியாக முடிந்தது. அதன் பிறகும் ஒரு துண்டு அட்டை இல்லாமல் இருப்பது நம்முடைய சோம்பல்தான். கிராம உத்தியோகத்தரிடம் போங்கள், படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். சீகிரியா சாக்கில் அட்டை கிடைத்தாலும் நல்லதே.

புறப்படும் நேரமும் பாதையும்

கண்டியிலிருந்து தம்புள்ளைக்கு சுமார் 72 கிலோமீற்றர். தம்புள்ளையிலிருந்து திருகோணமலைப் பாதையில் போய் இனாமலுவைச் சந்தியில் திரும்பினால் சீகிரியா. மாத்தளையிலிருந்து போகிறவர்கள் அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டால் போதும். அட்டன், நுவரெலியாப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நடுராத்திரியிலேயே கிளம்ப வேண்டும். அப்படியானால் சாரதி முதல் நாள் பகலில் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு சாரதிகள். "நம்ம பையன்தான், சமாளிச்சிருவான்" என்று யாரும் சொல்ல வேண்டாம். போத்தல் எதுவும் வேனில் ஏறக்கூடாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாய்மார்தான் இதைக் கேட்டு வைக்க வேண்டும், ஆண்கள் கேட்கமாட்டார்கள்.

போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1820களுக்குப் பிறகு கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, நம் முன்னோர்கள் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து நடைதான். காட்டுக்குள்ளால், தம்புள்ளை வழியாக, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வந்து, பிறகு மலை ஏறினார்கள். பசியாலும் காய்ச்சலாலும் கொலராவாலும் வழியிலே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். நாம் வேனில் இரண்டு மணி நேரத்தில் கடந்து போகிற அந்தத் தம்புள்ளை – மாத்தளைப் பாதை, அவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்து வந்த பாதை. வேனில் பாட்டுப் போடுவதற்கு முன் இதைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொல்லுங்கள். பள்ளிப் புத்தகத்தில் காசியப்பன் கதை இருக்கும், இது இருக்காது.

போகும்போது எங்கும் நிற்காதீர்கள். கோவிலும் கடையும் திரும்பி வரும்போது. அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா, கோணேசுவரம் நாலையும் ஒரே நாளில் பார்க்கிற திட்டத்தோடு ஒரு தம்பி எங்களிடம் வந்தார். பார்க்கலாம், வேன் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும்.

யார் ஏறலாம்

பாறை சுற்றியுள்ள தரையிலிருந்து ஏறக்குறைய 180 மீற்றர் உயரம், அதாவது 600 அடி. படிகள் சுமார் 1,200. ஏறி, பார்த்து, இறங்க மூன்று மணி நேரம் வேண்டும். பிரசர், சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம், வீசிங் உள்ளவர்கள் முதலில் டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். பயணம் போகிற நாளில் பிரசர் மாத்திரையைப் போடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், "அடிக்கடி வெளிக்குப் போக வருது, வழியில எங்க போறது" என்று காரணம் சொல்வார்கள். அது ஆபத்து. சீனி வருத்தக்காரர்கள் வெறும் வயிற்றில் ஏறக்கூடாது, சட்டைப் பையில் இரண்டு டொபி இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீர், குழுவுக்கு நாலைந்து ஜீவனிப் பக்கெட். பாறையில் மலசலகூடம் கிடையாது, டிக்கட் வாசல் பக்கத்திலேயே எல்லாரும் போய்விட்டு வர வேண்டும். கைப்பிள்ளைக்காரிகள் சேலைத் தொட்டிலில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஏற நினைக்க வேண்டாம்.

ஏறாதவர்களுக்கும் பார்க்க இருக்கிறது என்பதைத்தான் அந்த முதல் பயணத்தில் நாங்கள் அறியாமல் போனோம். அடிவாரத்து நீர்த் தோட்டமும் கல் தோட்டமும் ஒரு மணி நேரம் நடந்து பார்க்கக் கூடியவை. நாங்கள் சொல்வோம், நம் ஆட்களுக்கு மேலே இருப்பதைவிட இதுதான் நன்றாக விளங்கும். அங்கே தரையில் சிறிய கல் வட்டங்கள், துளை போட்டபடி இருக்கின்றன. அவை நீரூற்றுகள். மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. உயரத்தில் தேங்கிய தண்ணீர் நிலத்தடிக் கால்வாய் வழியாக இறங்கி வரும் அமுக்கத்தில் அந்தத் துளைகளால் மேலே பீறும். மழைக்காலத்தில் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது. நமது பீலிக்கு மேல் மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டிருக்கிறோமே, அதே கணக்குத்தான். பாறையில் வெட்டியிருக்கும் கான்களையும் பாருங்கள். எந்தச் சரிவில் வெட்டினால் மண் அரிக்காது, எங்கே தண்ணீரைத் திருப்ப வேண்டும் என்பது கான் வெட்டிய கைகளுக்குத் தெரியும். கமரா தூக்கி வருகிற வெள்ளைக்காரர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார். நம் ஆட்கள் ஒருவர் குனிந்து பார்த்து, "நல்லா வாட்டம் வச்சுத்தான் வெட்டியிருக்கான்" என்றார். அவர் முப்பது வருசம் கான் வெட்டியவர்.

அகழியில் மட்டும் கால் வைக்காதீர்கள். முதலை உண்டு.

மேலே என்ன இருக்கிறது

காசியப்பனின் தகப்பன் தாதுசேனன், கலாவெவ என்ற பெரிய குளத்தைக் கட்டிய அரசன். மகன் அவனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. முறைப்படி ஆள வேண்டிய சகோதரன் முகலன் இந்தியாவுக்குத் தப்பி ஓடினான். அவன் படையோடு திரும்பி வருவான் என்ற பயத்தில்தான் காசியப்பன் இந்தப் பாறையில் போய்க் குந்திக்கொண்டான் என்பது வழக்கமான கதை. 495ல் முகலன் வந்தான், காசியப்பன் செத்தான், தலைநகரம் மறுபடி அநுராதபுரத்துக்குப் போனது, பாறை பிக்குமாருக்குப் போனது. பயத்தால் கட்டியதா, தன்னைத் தெய்வம் போலக் காட்டிக்கொள்ளக் கட்டியதா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் தர்க்கம் செய்கிறார்கள். நமக்குத் தோன்றுவது வேறு. அத்தனை செங்கல்லையும் அந்த உயரத்துக்குச் சுமந்தவர்கள் யார்? அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பாதிப் பாறையில், சுருள் படி ஏறினால், சுவர்ச் சித்திரங்கள். இன்றைக்கு இருபது பெண் உருவங்கள் வரைதான் மிஞ்சியிருக்கின்றன. முன்பு பாறையின் மேற்கு முகம் நெடுகவே இருந்ததாகச் சொல்கிறார்கள். 1967ல் யாரோ பச்சை வர்ணத்தை அள்ளிப் பூசி அவற்றில் பலவற்றைக் கெடுத்தார்கள். இத்தாலியிலிருந்து லூசியானோ மரன்சி என்ற நிபுணர் வந்து சுத்தம் செய்து காப்பாற்றிக் கொடுத்தார். அங்கே படம் எடுக்க விடமாட்டார்கள். போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

அதற்குப் பிறகு கண்ணாடிச் சுவர். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம்.

அதைத் தாண்டினால் சிங்கப் பாதம். சிங்ககிரி என்பதுதான் சீகிரியா ஆயிற்று. அந்தக் காலத்தில் சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்து ஏறுகிற மாதிரிக் கட்டியிருந்தார்கள், இப்போது இரண்டு பாதங்கள் மட்டும். அங்கிருந்து உச்சிக்கு இரும்புப் படி, பக்கத்தில் வெளி, காற்றும் பலமாக அடிக்கும். தலைசுற்றுகிறவர்கள் பாதத்து முற்றத்தோடு நின்றுகொள்ளுங்கள், அதில் குறைவில்லை. உச்சி நாலு ஏக்கர் அளவு இருக்கும். நம் கணக்கில் ஒரு சின்ன மலை. அரண்மனையின் அத்திவாரமும் பாறையில் வெட்டிய குளமும் இருக்கின்றன.

கண்ணாடிச் சுவரும் ஒரு கொண்டை ஊசியும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டில் சத்தமாக வாசியுங்கள். எழுத்துத் தெரியாத பெரியவர்களும் கேட்கட்டும்.

செங்கல்லில் கட்டி, சுண்ணாம்பு பூசி, முகம் தெரிகிற மாதிரித் தேய்த்த சுவர் அது. நகரம் அழிந்து பல காலத்துக்குப் பிறகு, முக்கியமாக 8ஆம், 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில், சீகிரியாவைப் பார்க்க வந்தவர்கள் தங்கள் மனசில் பட்டதை அந்தச் சுவரில் கீறி வைத்தார்கள். பிக்குமார், அரச சேவகர், பெண்கள் என்று பல தரத்தவர்கள். பெரும்பாலும் சிங்களக் கவிதைகள், சித்திரத்துப் பெண்களைப் பற்றி. நம்மைப் போல ஒரு நாள் பார்க்க வந்தவர்கள்தான் அவர்களும். அந்த எழுத்தைப் பேராசிரியர் செனரத் பரணவிதான பல வருசம் உட்கார்ந்து வாசித்து, 685 கவிதைகளை 1956ல் புத்தகமாக வெளியிட்டார்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். 2015 பெப்ரவரியில் மட்டக்களப்புப் பக்கத்து இளம்பெண் ஒருவர், கூட வேலை செய்கிறவர்களோடு சுற்றுலாவாக சீகிரியாவுக்கு வந்தார். தொழிலாளிப் பெண், நம் பிள்ளைகள் மாதிரி. அந்தச் சுவரில் தன் பெயரைக் கொண்டை ஊசியால் எழுதினார். பிடித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். தம்புள்ளை நீதிமன்றம் இரண்டு வருசச் சிறைத் தண்டனை கொடுத்தது. செய்தி வெளியே வந்து, பலர் அவருக்காகக் கேட்டு, கடைசியில் ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்து அதே வருசம் ஏப்ரல் முடிவில் வீட்டுக்குப் போனார். அதுவரை உள்ளே இருந்த வாரங்களை யார் திருப்பிக் கொடுப்பது? அடுத்த தடவை அப்படி மன்னிப்புக் கிடைக்கும் என்று நம்பவும் முடியாது.

நாங்கள் இதை எழுதக் காரணம், நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்பதுதான். பஸ் சீட்டில், வாசிகசாலைச் சுவரில், தண்ணித் தாங்கியில், தேயிலை மலைக் கல்லில் எல்லாம் பெயர் இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சீகிரியாவில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்கு ஊசியும் ஒன்று, உளியும் ஒன்று.

ஒரு பையன் எங்களிடம் கேட்டான். "ஐயா, அந்தக் காலத்து ஆள் எழுதினா கவிதை, நாங்க எழுதினா குத்தமா?" கெட்டிக்காரக் கேள்வி. நாங்கள் சொன்ன பதில் இதுதான். அப்போது சுவர் வெறுமையாக இருந்தது. இப்போது நீ ஊசி வைக்கிற இடத்தில் ஏற்கெனவே ஆயிரம் வருசத்துக்கு முந்திய ஒருத்தியின் எழுத்து இருக்கிறது, உன் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உன் பெயரை எழுத நீ அவள் பெயரை அழிக்கிறாய். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க எழுதுறது?" என்றான். கொப்பியில் எழுது என்றோம். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கொப்பி கொண்டு போகிறோம். திரும்பி வரும்போது வேனில் ஆளுக்கு நாலு வரி எழுதுகிறார்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

புறப்படுவதற்கு முன் வேனிலேயே பேனை, ஆணி, சாவி, கத்தி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள். கொண்டை ஊசியை வாங்க முடியாது, அதற்கு வாய்ச்சொல்தான். அங்கே இருக்கும் பலகை உங்களுக்குத் தெரிந்த பாஷையில்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தச் சுவரையும், எந்தக் கல்லையும் தொடாமல் நடந்தால் பலகை வாசிக்கத் தேவையில்லை.

குளவி

இதைப் பற்றி நாங்கள் உங்களுக்குப் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். கொழுந்து மலையில் கொட்டு வாங்காத வீடு உண்டா? ஆனாலும் இரண்டு வார்த்தை. சீகிரியாப் பாறையில் பெரிய தேன்கூடுகள் தொங்குகின்றன, மலைத்தேனீ. நாம் வாய்ப்பழக்கத்தில் அதையும் குளவி என்கிறோம். மலையில் கலைந்தால் ஓட இடம் இருக்கிறது. அங்கே படியில் ஓட முடியாது, ஓடினால் விழுவோம். ஆகவே சத்தம் போடாமல் ஏற வேண்டும். விசில், கூச்சல், கைதட்டல் வேண்டாம். சென்ட், பவுடர் வாசம் வேண்டாம், பீடி வேண்டாம், கல் எறிகிற பையனை வேனிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சிங்கப் பாத முற்றத்தில் கம்பி வலை அடித்த கூண்டுகள் இருக்கின்றன. அவை இதற்காகத்தான். ஏறும்போதே அவை எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேனீ கலைந்தால் முகத்தைத் துணியால் மூடி, பிள்ளையைக் கையில் பிடித்து, அங்கே போக வேண்டும். கொட்டிய முள்ளை உடனே நகத்தால் வழித்து எடுத்துவிடுங்கள், அதன் வாசத்துக்கு மற்றத் தேனீக்கள் வரும். முன்பு ஒரு தடவை கொட்டி மூச்சுத் திணறியவர்கள் மேலே போகவே வேண்டாம். யாருக்காவது முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், தாமதிக்காமல் 1990க்குப் போன் பண்ணுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

இறங்கும்போது

நாங்கள் பையனைத் தொலைத்தது இங்கேதான். ஏறும் வழி வேறு, இறங்கி வெளியே வருகிற வழி வேறு. வேனும் வேறு பக்கத்து வாகனத் தரிப்பிடத்துக்குப் போய் நிற்கும். உள்ளே போவதற்கு முன்பே சாரதியிடம் எங்கே நிற்பார் என்று கேட்டு, எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. அவர் தன் ஐந்து பேரைச் சிங்கப் பாதத்தில் ஒரு தடவை, இறங்கும் வழித் தொடக்கத்தில் ஒரு தடவை எண்ண வேண்டும். பிள்ளைகளின் பையில் தகப்பனின் போன் நம்பரும் வேன் நம்பரும் எழுதிய துண்டு இருக்கட்டும்.

படியில் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறோம் என்று சிலர் அன்பாக வருவார்கள். கடைசியில் காசு கேட்பார்கள். வேண்டாம் என்றால் முதலிலேயே சிரித்துக்கொண்டு "எப்பா" என்று சொல்லிவிடுங்கள். மரச் சாமான் கடைகளில் முதல் விலையைக் கேட்டு வாங்காதீர்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். வெயிலில் கெட்டுப் போகாததாக இருக்கட்டும். தேங்காய்ச் சம்பல் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். ரொட்டியும் கட்டச் சம்பலும், இல்லாவிட்டால் புளிச்சோறு. குப்பையைத் திரும்பக் கொண்டு வர ஒரு உரப் பை எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குக்குச் சாப்பாடு காட்டினால் பையோடு போய்விடும், பார்த்து.

எந்தக் காரணத்துக்காகவும் பொழுது சாய்ந்த பிறகு சீகிரியாப் பாதையில் நிற்க வேண்டாம். இனாமலுவை வரைக்கும் காட்டு யானை வருகிற இடம். பகல் ஒரு மணிக்குள் இறங்கி, சாப்பிட்டு, இரண்டரைக்குள் வேன் நகர்ந்தால் பின்னேரம் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். கொப்பியில் எழுதும் வேலையைத் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பாதி வேன் தூங்கிவிடும்.

அந்தப் பாட்டி அடுத்த வருசம் மறுபடி வந்தார். காலை ஏழு மணிக்கு வாசலில் இருந்தோம். நீர்த் தோட்டத்தைப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினார், மேலே ஏறவில்லை. கொப்பியில் அவர் சொல்லி எழுதிய வரி: "தண்ணி மேல ஏறுறதப் பாத்தேன்."